சர்க்கார் வேர்

ஈச்சங்கொல்லையில் சக்கரவர்த்தியின் வீடுதான் கடைசி வீடு. அதற்கப்புறம் முள்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வனத்துறையின் பங்களா, வெள்ளைக்காரன் கட்டியது. வருஷத்தில் நாலைந்து நாள் யாராவது ஆபீசர் வந்து தங்குவார், கோழி அடிக்கச் சொல்வார், காலையில் எழுந்து மலை அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மீதி நாளெல்லாம் அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது ஒரு இச்சிமரம் மட்டுமே. அதன் அடிமரத்தில் தாரால் 114 என்று எழுதியிருந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் அந்த மரம் சக்கரவர்த்தியின் வீட்டுக்குள் வந்தது.

முதலில் அடுப்புக் கல் ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டது. பானை ஒருபக்கமாகச் சாய்ந்து கூழ் வழிந்தது. எலி வேலை என்று நினைத்துக் கெங்கம்மாள் மண்ணைப் போட்டு மெழுகினாள். பத்து நாளில் மெழுகின இடம் வெடித்து, மணிக்கட்டு கனத்துக்கு ஒரு வேர் வெளியே தெரிந்தது. பின்சுவருக்கு அடியில் நுழைந்து, அடுப்பைச் சுற்றிக்கொண்டு, வாசல் பக்கம் போகிற உத்தேசத்தில் இருந்தது. பின்சுவரில் தரையிலிருந்து மேலே ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"கோடாலிய எடுத்தா ஒரே போடு," என்றாள் கெங்கம்மாள். "இதுக்குப் போயி குந்திக்கினு யோசிக்கிற."

"வாணாம் மே. அது சர்க்கார் மரம்."

"மரம் சர்க்காரோடது. வூடு நம்பளுது."

சக்கரவர்த்தி எதற்குப் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவருடைய தம்பி ரங்கன், குழந்தையின் நெற்றியில் பற்றுப் போடலாமென்று காட்டுப் பாதையில் கிடந்த ஒரு சந்தனச் சிராயை எடுத்து மடியில் முடிந்துகொண்டு வந்தவன். சிராய் கட்டைவிரல் நீளம். பதினோரு மாதம் ஜெயில். திரும்பி வரும்போது இருமலோடு வந்தான். அடுத்த தை மாதம் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து சக்கரவர்த்தி, காட்டில் காலில் தைத்த முள்ளைக்கூட அங்கேயே பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அந்தப் பக்கத்து வனக் கார்டு பாண்டுரங்கனிடம் போய் விஷயத்தைச் சொன்னார். பாண்டுரங்கன் அமிர்தி பக்கத்துக்காரன், நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதால் வாய்வார்த்தையாக எதையும் சொல்ல மாட்டான்.

"நான் இன்னா சொல்றது? வெட்டுன்னு சொன்னா என் வேல பூடும். வெட்டாதன்னு சொன்னா உன் வூடு பூடும். மனுவா எழுதிக் குடு. மனுன்னா ரெண்டு பேருக்கும் நல்லது."

சக்கரவர்த்தி சந்தவாசலுக்கு இறங்கிப் போய், மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கி, கைநாட்டு வைத்து, கீழே ரேஞ்சு ஆபீசுக்குக் கொண்டுபோனார். ரேஞ்சர் பஞ்சாட்சரம் மனுவை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரவர்த்தியைப் பார்த்தார்.

"மரம் எங்க இருக்கு?"

"உங்க பங்களாவுலங்க."

"வேர்?"

"எங்க வூட்டுலங்க."

"எங்க மரத்தோட வேர் உன் வீட்ல என்ன பண்ணுது?"

"அதத்தாங்க நானும் கேக்க வந்தேன்."

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். "அரசாங்க மரம் ஒண்ணோட உறுப்பு உன் வசம் இருக்குன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. இது ரொம்ப முக்கியமான தகவல்," என்றார். மனுவை வாங்கி ஒரு கோப்பில் வைத்தார். வருகைப் புத்தகத்தில் இன்னொரு கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து ஒரு கடுதாசி வந்தது. வேரின் நீளம் எவ்வளவு, சுற்றளவு எவ்வளவு, அது உயிருடன் உள்ளதா, மனுதாரரின் வீட்டுக்கு எந்தத் தேதியில் எந்த வழியாக வந்தது, வரும்போது மனுதாரர் ஆட்சேபம் தெரிவித்தாரா ஆகிய ஐந்து கேள்விகளுக்கும் பதினைந்து நாளில் பதில் கேட்டிருந்தார்கள். கடுதாசி மலையேறி வந்து சேரவே பதினெட்டு நாள் ஆகியிருந்தது. ஆகவே ஸ்தல விசாரணை.

பஞ்சாட்சரம், பாண்டுரங்கன், அளவு நாடாவோடு இரண்டு வாட்சர் என்று நாலு பேர் வந்தார்கள். வீடே பதினைந்தடி. நாலு பேர் உள்ளே நின்றதும் கெங்கம்மாள் வெளியே வந்துவிட்டாள். வேரை அளந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் அது தொடை கனத்துக்கு வந்திருந்தது; சுவர் விரிசலில் கை நுழையும். பஞ்சாட்சரம் விரிசலை அளக்கவில்லை. "சுவர் வருவாய்த்துறை," என்றார்.

வேரின் பட்டையைக் கொஞ்சம் செதுக்கி, சுத்தியலால் முத்திரை அடித்தார்கள். தாரால் எண் போட்டார்கள்: 114, வேர் 1. பிறகு பஞ்சாட்சரம் அடுப்பைப் பார்த்தார்.

"இது எரியுமா?"

"அடுப்புங்க. எரியாம?"

"அரசு மரத்தோட எந்த உறுப்புல இருந்தும் பத்தடிக்குள்ள தீ மூட்டக்கூடாது. இனிமே அடுப்பு வெளியில."

"மழைக்கு இன்னா பண்றதுங்க?" என்று கெங்கம்மாள் வாசலில் இருந்து கேட்டாள்.

பஞ்சாட்சரம் அவளுக்கு விளக்கிச் சொன்னார். அவருக்கு மலைஜனங்களிடம் பொறுமை உண்டு. "இதப் பாரும்மா. மரத்தால நடக்க முடியாது. உன்னால முடியும். நகர முடியாதது ஒரு எடத்துல இருந்தா அது இருப்பு. நகர முடிஞ்சது நகராம இருந்தா அதுக்குப் பேருதான் ஆக்கிரமிப்பு. நான் நெனச்சா உன் வீட்டையே ஆக்கிரமிப்புன்னு எழுதலாம். எழுதல. ஏன்னா எனக்கு உங்க மேல பரிவு இருக்கு."

"எங்க தாத்தா இங்க இருக்கச்சேதாங்க வெள்ளக்கார தொர அந்தச் செடிய நட்டாராம்," என்றார் சக்கரவர்த்தி.

"உங்க தாத்தா இருந்ததுக்கு ரிகார்டு இருக்கா?"

"நான் இருக்கறேனுங்களே."

அதைப் பஞ்சாட்சரம் ரிகார்டாக ஏற்றுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து கெங்கம்மாள் வாசலில் மூன்று கல் வைத்துச் சாமைச்சோறு பொங்கினாள். காற்றடித்தால் தணல் பறந்தது, தூறினால் புகைந்தது. வாரத்துக்கொரு தடவை பாண்டுரங்கன் ரிஜிஸ்டரோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், குனிந்து வேரை அளந்து, 'நலம்' என்று எழுதினான். சுவர் சாய்ந்ததில் நிலை கோணிக்கொண்டு கதவு சாத்த முடியாமல் போனது. அதை எழுத ரிஜிஸ்டரில் இடம் இல்லை. ஒருநாள் அவனே வெட்கப்பட்டு, "நாளைக்கு வர்றச்சே ஒரு முட்டுக்கட்டை கொண்டாறேன்," என்றான். மறுநாள் வந்து, முட்டுக்கட்டை கொடுக்கவும் மனு வேண்டுமாம் என்றான்.

ஆடி மாதம் வன விழா வந்தது. ஊர் ஊராக மரம் நடுகிற விழா. ஈச்சங்கொல்லையில் ஏற்கெனவே மரம்தான் நிறைய, மனிதர்தான் கொஞ்சம் என்பதால், மரத்தைப் பேணும் மனிதர் ஒருவருக்குப் பாராட்டுச் செய்வதென்று முடிவாயிற்று. கோப்புகளைப் புரட்டியதில் சக்கரவர்த்தியின் பெயர் கிடைத்தது.

வேலூரிலிருந்து பெரிய ஆபீசர் ஜீப்பில் வந்தார். பங்களா வாசலில் பெஞ்சு போட்டு, ஊர் ஜனத்தைத் தரையில் உட்கார வைத்தார்கள். சக்கரவர்த்திக்கு நாற்காலி. அவர் அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"நகரத்திலே நாம் வீட்டுக்கு வெளியே ஒரு செடி வைக்கவே யோசிக்கிறோம்," என்று பெரிய ஆபீசர் பேசினார். "இந்தப் பெருமகனோ தன் வீட்டுக்குள்ளேயே, தன் அடுப்படியிலேயே ஒரு மரத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார். தன் துணைவியாரை வெளியே உட்காரவைத்து, வேரை உள்ளே உட்காரவைத்திருக்கிறார். இந்தப் பண்பாடு நமக்கெல்லாம் எப்போது வரும்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் குவார்ட்டர்ஸில் ஒரு வேப்பமரம் இருந்தது. ஜீப்புக்குக் கொட்டகை போட இடம் போதவில்லை என்று வெட்ட வேண்டியதாகிவிட்டது. அன்று காலை எனக்குக் காபி இறங்கவில்லை. அந்தத் துயரம் இன்றுவரை எனக்குள் இருக்கிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். சக்கரவர்த்தி எழுந்து, "ஐயா, செவுரு சாயுதுங்க," என்றார். அதற்கும் கைதட்டினார்கள். 'மரக் காவலர்' என்று எழுதிக் கண்ணாடி போட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் போய் வேருக்கு மாலை போட்டு, இந்தப் பக்கம் சக்கரவர்த்தியையும் அந்தப் பக்கம் கெங்கம்மாளையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். சான்றிதழை மாட்ட வாட்சர் பின்சுவரில் ஆணி அடித்தான். விரிசலில் இருந்து ஒரு கூடை மண் உதிர்ந்தது.

ஜீப் போனபிறகு கெங்கம்மாள் மண்ணை வாரினாள். "காவலுன்னு பட்டம் குடுத்துட்டாங்க. இனிமே அது எங்கியும் ஓடிப் பூடாம பாத்துக்க," என்றாள். சக்கரவர்த்திக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. வாசல் அடுப்பு நீரில் கிடந்தது. மூன்று நாளாக ஊறவைத்த தானியத்தைத்தான் மென்றார்கள். கெங்கம்மாளுக்குக் காய்ச்சல். கோணின கதவு வழியாகச் சாரல் அவள் படுத்திருந்த இடம்வரை வந்தது. ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்பே சக்கரவர்த்தி கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டாம் மனு கொடுக்கக் கீழே இறங்கினார். ரேஞ்சு ஆபீசில் நாள் முழுக்க உட்காரவைத்து, வருகைப் புத்தகத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மறுநாள் மேலே ஏறி வந்தபோது வீட்டுக் கூரையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

உள்ளே அடுப்பு பழைய இடத்தில் எரிந்தது. கெங்கம்மாள் பக்கத்தில் குந்தி, கீரையும் சாமையும் வேகவைத்துக்கொண்டிருந்தாள். வேர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"இன்னா மே பண்ணிட்ட?"

"உக்காரு. சூடா துன்னு."

"மே..."

"ஒரு நாழிகூட ஆகல. வெட்டுனா பால் வந்துச்சு. அதுவும் நின்னுபோச்சு. இதுக்குத்தான் ஒண்ணேகால் வருசமா நீ மலையேறி எறங்குன." அவள் அகப்பையால் சோற்றை எடுத்துப் போட்டாள். "ஈரமெல்லாம் காஞ்சு, காய்ச்சலே வுட்டாப்ல இருக்குது."

அவர் உட்கார்ந்து தின்றார். சோறு அவ்வளவு ருசியாக இருந்தது. தின்னத் தின்னக் கண்ணில் நீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பாண்டுரங்கன் அளக்க வந்தான். வேர் இரண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்தான்.

"பாக்கலன்னு எழுதிடேன்பா," என்றார் சக்கரவர்த்தி.

"எப்படி எழுதறது? முப்பத்தோரு வாரமா அளவு எழுதிக்கினு வர்றேன். அடுத்த வரியில இன்னா போடறது?" வேர் வெட்டப்பட்டிருக்கிறது என்று எழுதினான்.

பஞ்சாட்சரம் முன்னால் சக்கரவர்த்தி கைகட்டி நின்று, வெட்டினது நான்தான் என்றார்.

"தேதி?"

சொன்னார். பஞ்சாட்சரம் வருகைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "அன்னிக்குக் காலம்பற ஒம்போது மணியிலேருந்து நீ இங்க உக்காந்திருந்த. இதோ உன் கைநாட்டு. அரசாங்க ரிகார்டு பொய் சொல்லாது. நீ நேர்மையான ஆளு, சக்கரவர்த்தி. உன்ன மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் எங்களால யார் குத்தவாளின்னு சரியாக் கண்டுபிடிக்க முடியுது." அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார்.

வழக்கு கெங்கம்மாள் மேல் பதிவாயிற்று. வெட்டின வேரைச் சாக்கில் கட்டி அரக்கு முத்திரை வைத்து, இரண்டு வாட்சர் காவடி மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மரக் காவலரின் வீட்டிலேயே நடந்த குற்றம் என்பதால் அது சாதாரணக் குற்றமல்ல என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருந்தது.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பேரும் முந்தின நாளே இறங்கி, சந்தவாசல் பக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள் காந்தா வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார்கள். முதல் வாய்தாவுக்கு ரேஞ்சர் வரவில்லை. இரண்டாவதற்கு ரேஞ்சர் வந்தார், வேர் வரவில்லை. அடுத்த தடவை வேர் வந்தது. ஆனால் காய்ந்து சுருங்கி, ரிஜிஸ்டரில் உள்ள அளவுக்குச் சரியாக வராததால், இது அதே வேர்தானா என்று நிபுணர் கருத்துக் கேட்டார்கள். நிபுணர் மெட்ராசில் இருந்தார். அதற்குள் மாஜிஸ்திரேட்டுக்கு மாறுதல். கெங்கம்மாளுக்குக் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடமே பழகிவிட்டது. டவாலிச் சேவகன் 'கெங்கம்மா, கெங்கம்மா, கெங்கம்மா' என்று மூன்று தடவை கூப்பிடும்போது, "கல்யாணத்துல கூட இத்தினி வாட்டி யாரும் என் பேரச் சொல்லல," என்றாள். அந்த மழைக்காய்ச்சல் மட்டும் அவளை விட்டு முழுசாகப் போகவில்லை. வருவதும் போவதுமாக இருந்தது.

ஏழாவது வாய்தா அடுத்த வருஷம் மார்கழியில் வந்தது. முந்தின நாள் காலையில் புறப்படும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னிக்கி வாணாம் மே. நான் போயி சொல்றேன்."

"போவலன்னா வாரண்டு போட்டுடுவாங்களாம். வக்கீல் குமாஸ்தா சொன்னான். உன் தம்பி மாதிரி என்னியும் இஸ்துக்கினு போனா உன்னால தாங்க முடியாது. வா."

பாதி இறக்கத்தில், ஓடை தாண்டுகிற இடத்தில், ஒரு பாறையைக் காட்டி, "கொஞ்சம் குந்திட்டு வர்றேன்," என்றாள். அவர் ஓடையில் கையால் தண்ணீர் அள்ளிக் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். "சில்லுன்னு கீது," என்றாள். வெயில் அப்போதுதான் மரங்களுக்கு இடையில் விழ ஆரம்பித்திருந்தது. அவர் மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அவள் பாறையில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்பாமல், பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

மறுநாள் கோர்ட்டில் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். எதிரி ஆஜராகவில்லை. பிடிவாரண்டு பிறப்பிக்கப்பட்டது.

காரியம் முடிந்த மூன்றாம் நாள், பாண்டுரங்கன் ஒரு போலீஸ்காரரோடு வந்தான். "கெங்கம்மாள் யாரு?" என்று போலீஸ்காரர் கேட்டார். பாண்டுரங்கன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். சக்கரவர்த்தி, எரித்த இடத்தைக் கைகாட்டினார். போலீஸ்காரர் சங்கடப்பட்டு, "அப்படின்னா சர்டிபிகேட்டு வாங்கிக் குடுத்துடு. இல்லன்னா வாரண்டு நின்னுக்கினே இருக்கும்," என்றார்.

சர்டிபிகேட்டும் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஓடைக்கு மேலே ஒரு கிராமம், கீழே ஒரு கிராமம். மேல்கிராமத்து அதிகாரி, இறந்தது பாறையில், பாறை கீழ்கிராமம் என்றார். கீழ்கிராமத்தில், ஓடையும் பாறையும் காட்டுக்குச் சொந்தம் என்றார்கள். சக்கரவர்த்தி மறுபடியும் ரேஞ்சு ஆபீசு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பஞ்சாட்சரம் எழுந்துவந்து அவர் தோளைத் தொட்டார். ரேஞ்சர் மனசும் கஷ்டப்படத்தான் செய்தது. "நான் செய்யக்கூடாதுன்னு இல்ல. எங்க புஸ்தகத்துல கரடிக்கு ஒரு பக்கம் இருக்கு, சிறுத்தைக்கு ஒரு பக்கம் இருக்கு. மனுஷனுக்குப் பக்கம் இல்ல," என்றார்.

கடைசியில் மேல்கிராமத்து அதிகாரி, சக்கரவர்த்தி நடையாய் நடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், வீட்டில் இறந்ததாக எழுதிக் கொடுத்தார். வழக்கு முடிந்தது. அதே மாதத்தில் அவருடைய முதல் மனுவுக்குப் பதிலும் வந்தது. மனுவில் குறிப்பிட்டுள்ள வேர் தற்போது ஸ்தலத்தில் இல்லையாதலால், மேல்நடவடிக்கை தேவையின்றி மனு முடிக்கப்படுகிறது என்று இருந்தது. பாண்டுரங்கன் வாசித்துக் காட்டினான். சக்கரவர்த்தி கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஐப்பசிக்குப் பின்சுவர் விழுந்தது. வெட்டின இடத்துக்குப் பக்கத்திலிருந்து இரண்டு வேர் புதிதாகக் கிளம்பியிருந்தன. சக்கரவர்த்தி அப்போது அங்கே இல்லை. காந்தா வந்து அவரை மலையடிவாரத்துக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தாள்.

கீழே வந்தும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ரோட்டோரம் மரக்கன்று நடுகிற வேலைக்குக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். கடப்பாறையோடு போனார். வேலை கொடுத்ததும் அதே இலாகாதான். ஒரு கார்டு கயிறு பிடித்து அளந்து, குழி தோண்ட வேண்டிய இடத்திலெல்லாம் குச்சி நட்டுக்கொண்டு முன்னால் போனார். மூன்றாம் நாள் சக்கரவர்த்திக்கு வந்த குச்சி, சாந்தம்மாள் என்கிறவளின் ஓட்டுவீட்டுச் சுவரிலிருந்து நாலடியில் இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த கன்று, இச்சி.

அவர் குச்சியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். உள்ளே யாரோ அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டது.

குச்சியைப் பிடுங்கினார். ரோட்டுப் பக்கமாக நடந்து, இதற்கு மேல் போனால் தார்தான் என்கிற இடத்தில் நட்டார். பதினாறு அடி இருக்கும். வேருக்குப் பதினாறடி ஒரு தூரமா என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவ்வளவுதான் இடம் இருந்தது.

கார்டு திரும்பிப் பார்த்து, "இன்னாய்யா, குச்சி அங்க இல்ல நட்டேன்," என்றார்.

"அங்க பாறைங்க."

"பாறையா?"

"ஆமாங்க. தோண்டிப் பாத்தேன். அடி வரைக்கும் பாறைங்க."

ஐம்பத்தாறு வயதில் சர்க்காரிடம் எடுபட்ட அவருடைய முதல் பொய் அது. கார்டு நோட்டை எடுத்து, 'பாறை' என்று எழுதிக்கொண்டு அடுத்த குச்சிக்குப் போனார்.

சாந்தம்மாள் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். "யோவ், கண்ணு தெரியலியா உனக்கு? நான் புளி காயப்போடற எடத்துல வந்து தோண்டறியே. அந்தாண்ட செவுத்தோரம் எடம் காலியாத்தான கீது?" என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள்.

சக்கரவர்த்தி தலை நிமிராமல் அவள் திட்டி முடிக்கிறவரை தோண்டினார்.